வாட்டர் வாஷ்

ஷோரூம் சர்வீஸ் சென்டரில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வண்டிகளை ஆளுயரத்துக்குத் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். இந்தப் பக்கம் செபாஸ்தியம்மாள் ஏ.சி. குளிருக்கு முந்தானையைத் தோளைச் சுற்றி இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நூல் மில்லில் இரவு ஷிப்டு முடிந்து, வீட்டுக்குப் போகாமல் நேராக இங்கே வந்திருந்தாள். சுவரில் டி.வி. சத்தமில்லாமல் ஓடியது. மூலையில் காபி மெஷினும் பக்கத்தில் பேப்பர் கப்புகளும் இருந்தன. எடுத்துக் குடிக்கலாமா, காசு கேட்பார்களா என்று தெரியவில்லை. யாராவது குடிக்கட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தாள்.

ஆனந்த்ராஜ் உட்காரவில்லை. கண்ணாடியில் மூச்சு படிகிற அளவுக்கு நெருங்கி நின்று, தன் வெள்ளைப் பிக்கப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு திரும்பி வந்து, அவள் தலைமயிரில் ஒட்டியிருந்த பஞ்சை ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தான்.

"எல்லாரும் பாக்குறாங்க, விடுங்க."

"பாக்கட்டுமே. பொண்டாட்டியக் கூட்டியாரச் சொன்னா, இவன் என்னடா தலகாணியத் தூக்கிட்டு வந்திருக்கான்னு நெனச்சுக்கிருவாங்க."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவன் கையைத் தட்டிவிட்டாள்.

வண்டி அவள் பெயரில் இருந்தது. பெண்கள் பெயரில் எடுத்தால் கடன் சீக்கிரம் கிடைக்கும் என்று சொன்னார்கள், எடுத்தார்கள். அதனால் புகார் என்று வந்தால் ஓனர்தான் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று சக்கர ஆட்டோவிலும் பிறத்தியார் வண்டியிலும் பாதி ஆயுளை ஓட்டிக் கழித்தவனுக்கு, இது சொந்தமாக வந்த முதல் வண்டி. பஞ்சம்பட்டிக் கோயில் வாசலில் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்தபோது, ஆனந்த்ராஜ் சட்டைக் கைப்பித்தானைப் போட்டுக்கொண்டு நின்றான். கல்யாணத்தன்றுகூட அவன் அப்படி நின்றதில்லை என்று செபாஸ்தியம்மாள் பிற்பாடு சொல்லிக் காட்டினாள்.

மழை பெய்தால் டிரைவர் பக்கத்துக் கதவு வழியாகத் தண்ணீர் இறங்கிக் கால்மாட்டில் நின்றது. இரண்டாவது கியர் சில நேரம் விழமாட்டேன் என்று அடம்பிடித்தது. புது வண்டி, போகப்போகச் சரியாகும் என்று அவன் பொறுத்துக்கொண்டான். பிரேக் விஷயத்தில்தான் அப்படி இருக்க முடியவில்லை. வாரத்தில் பாதி நாள் அவன் தாண்டிக்குடி மலைக்கு ஏறி, தோட்டங்களில் சவ்சவ் மூட்டை ஏற்றிக்கொண்டு வத்தலக்குண்டுக்கும் திண்டுக்கல்லுக்கும் இறங்க வேண்டியிருந்தது.

சர்வீஸ் அட்வைசர் தமிழ்நிலா கையில் டேப்லெட்டோடு வந்தாள். காலேஜ் முடித்த கையோடு வேலைக்கு வந்த பெண். கழுத்தில் கம்பெனி அட்டை, காலில் புதுச் செருப்பு கடித்து பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

"அங்கிள், டெஸ்ட் டிரைவ் போயிட்டு வந்துட்டாங்க. பிரேக் நல்லாப் பிடிக்குதாம்."

"எங்கிட்டு ஓட்டிப் பாத்தாக பாப்பா?"

"பைபாஸ்ல."

"வெறும் வண்டியவா?"

"ஆமா அங்கிள்."

"வெறும் வண்டி பிடிக்கும்த்தா. நான் சொல்றது லோடு ஏத்திக்கிட்டு மலை எறங்கையில. பாதி மலை வரைக்கும் ஒண்ணும் தெரியாது. அப்புறம் மிதிச்சா பெடல் பூந்துக்கிட்டுப் போகுது. திரும்பத் திரும்ப மிதிச்சாத்தான் பிடிக்குது."

"ஆயில் லீக் இருந்தா வீல்ல தெரியும் அங்கிள். டெக்னீசியன் அடியில படுத்துப் பாத்துட்டாரு. நாலு வீலும் க்ளீனா இருக்காம். சிஸ்டத்துலயும் எதுவும் காட்டல." சற்றுத் தயங்கி, "லோடு கொஞ்சம் ஜாஸ்தியா ஏத்துவீங்களோ?" என்று கேட்டாள்.

"ஏத்தமாட்டார்ம்மா," என்றாள் செபாஸ்தியம்மாள். "தோட்டக்காரங்க கூட ரெண்டு மூட்டை போட்டுக்கடான்னு கெஞ்சுவாங்க. இவுக எறக்கி வச்சிட்டு வந்துருவாக. அதுக்கும் ஏச்சு வாங்குவாக."

தமிழ்நிலா அதை எங்கும் எழுதவில்லை. கையெழுத்து வாங்கிக்கொண்டு வாசல்வரை கூட வந்தாள். வெளியே வந்ததும் குரலைத் தாழ்த்தினாள்.

"அங்கிள், கம்பெனியிலருந்து போன் வரும். சர்வீஸ் எப்படி இருந்துச்சுன்னு கேப்பாங்க. பத்துக்குப் பத்துன்னு சொல்லிருங்க. ஒன்பது சொன்னாக்கூட எனக்குப் பிரச்சனை. போன மாசமே வார்னிங் கொடுத்துட்டாங்க."

"அதுக்கென்னத்தா, சொல்லிட்டாப் போச்சு," என்றான் ஆனந்த்ராஜ்.

செம்பட்டி முக்கில் சடையாண்டியின் ஒர்க்‌ஷாப் இருந்தது. ஒர்க்‌ஷாப் என்றால் ஒரு புங்கமரமும் அதற்குக் கீழே தகரக் கொட்டகையும்தான். ஆனந்த்ராஜின் பழைய வண்டிகளையெல்லாம் பார்த்தவன் அவன்தான். அடுத்த வாரம் லோடு இறக்கிவிட்டு, மில் வாசலில் செபாஸ்தியம்மாளை ஏற்றிக்கொண்டு வருகிற வழியில் அங்கே நிறுத்தினார்கள். சடையாண்டி பீடியை அணைத்துக் காதில் செருகிக்கொண்டு, பின்னாலிருந்த இடதுபக்கச் சக்கரத்துக்கு உள்ளே கையை விட்டான். விரல் கறுப்பாக, பளபளவென்று வெளியே வந்தது. முகர்ந்து பார்த்தான்.

"பிரேக் ஆயில்தாண்ணே. இதையா லீக் இல்லேங்கிறாங்க?"

"வீல் சுத்தமா இருக்குன்னு சொல்றாங்கப்பு."

"எப்பிடிச் சுத்தமா இருக்கும்? கொண்டுபோகையில கழுவிட்டா கொண்டுபோவீங்க?"

ஆனந்த்ராஜுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. "பின்ன? சேறும் சகதியுமா கொண்டுபோயி அம்புட்டுப் பெரிய எடத்துல நிப்பாட்டவா? வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு அடியில படுக்கிறாங்கல்ல."

ஷோரூமுக்குப் போகிற நாளில் கருக்கலிலேயே எழுந்து, இரண்டு ஷாம்பு பாக்கெட்டைக் கிழித்து வாளியில் கரைத்து, கூரையிலிருந்து சக்கரம்வரை தேய்த்துக் கழுவுவான். கடைசியில் ஒரு துணியை எடுத்துக்கொண்டு கீழே குனிவான். செபாஸ்தியம்மாளின் பழைய சின்னாளபட்டிச் சுங்குடிச் சேலை அது. பச்சையில் வெள்ளைப் புள்ளி. கிழிந்ததைப் பாதியாக வெட்டிக் கொடுத்திருந்தாள். சக்கரங்களின் உள்பக்கம்கூட விட்டுவைக்காமல் துடைப்பான். ஆஸ்பத்திரிக்குப் போகிறவன் குளித்து நல்ல வேட்டி கட்டிக்கொண்டு போகிற மாதிரித்தான் அது அவனுக்கு.

சடையாண்டி தலையில் அடித்துக்கொண்டான். "நல்ல ஆளுண்ணே நீங்க. காய்ச்சக்காரப் பிள்ளைய, காய்ச்சல் விட்டப்புறம் தூக்கிட்டுப்போயி டாக்டர்ட்ட காட்டியிருக்கீங்க."

"நீயே கழட்டிப் பாத்துரு. கையோட முடிஞ்சிரும்ல?"

"நான் ஒரு நட்டைத் தொட்டாப் போதும். வெளியாளு கைபட்டிருச்சுன்னு வாரண்டிய எடுத்துருவாங்க. நாளைக்கு இஞ்சினே போனாலும் ஏன்னு கேக்கமாட்டாங்க. இப்பிடியே, இந்த அழுக்கோட கொண்டுபோயிக் காட்டுங்க. அக்கா, நீங்க கூடப் போங்க. இவரு வழியில கம்மாயக் கண்டா எறக்கிக் கழுவிருவாரு."

அந்த முறை அவன் கழுவவில்லை. மலைச் செம்மண் அப்பிய வண்டியைத் திண்டுக்கல் ஊருக்குள் ஓட்டிப்போகவே அவனுக்குக் கூச்சமாக இருந்தது. சிக்னலில் பக்கத்தில் நின்ற கார்க்காரரைப் பார்த்துக் காரணமில்லாமல் சிரித்தான். செபாஸ்தியம்மாள் மடியில் சாப்பாட்டுத் தூக்கை வைத்துக்கொண்டு, "நேராப் பாத்து ஓட்டுங்க, நம்மள யாரும் பாக்கல," என்றாள்.

சர்வீஸ் சென்டர் கேட்டில் வாட்ச்மேன் கையைக் காட்டி வண்டியை இடதுபக்கம் திருப்பிவிட்டான். அங்கே ஒரு சிமென்ட் மேடையில், முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்ட பொம்மையன் தண்ணீர்த் துப்பாக்கியோடு நின்றிருந்தார். ஐம்பதைத் தாண்டிய மனிதர். விரல் நுனிகள் ஊறி வெளுத்திருந்தன.

"கழுவ வேணாம்ணே," என்று ஆனந்த்ராஜ் இறங்கி ஓடினான். "வீல்ல ஆயிலு இருக்கு. அதைக் காட்டத்தான் கொண்டாந்திருக்கேன்."

"கழுவாம உள்ள ஏத்தமாட்டாங்க தம்பி. புதுசா மேனேஜர் வந்திருக்காரு. தரையில ஒரு சொட்டு மண்ணு கெடந்தா என்னையத்தான் கேப்பாரு."

"அந்த அட்வைசர் பிள்ளைய வரச் சொல்லுங்க. ஒரு தடவை பாத்துட்டுப் போகட்டும்."

"அது உள்ள கஸ்டமர் கூட இருக்கும். பின்னாடி ரெண்டு வண்டி நிக்குது பாருங்க."

பின்னாலிருந்த வண்டி ஹாரன் அடித்தது. ஆனந்த்ராஜ் திரும்பிப் பார்த்து, மன்னிக்கச் சொல்வதுபோல் கையைத் தூக்கினான். செபாஸ்தியம்மாள் தன் போனில் சக்கரத்தைப் படம் எடுத்தாள். சக்கரத்தின் உள்பக்கம் நிழலாக இருந்தது. படத்தில் கறுப்பைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. அவள் இன்னொன்று எடுப்பதற்குள் பொம்மையன் துப்பாக்கியை அழுத்திவிட்டார். வெள்ளை நுரை சக்கரத்தை மூடியது. பிறகு சிவப்பாகவும் கறுப்பாகவும் தண்ணீர் இறங்கி, சல்லடை போட்ட சாக்கடைக்குள் போனது.

"ஃப்ரீதான் தம்பி," என்றார் பொம்மையன். "வாட்டர் வாஷுக்குக் காசு கெடையாது."

கழுவுவதற்கு முன்னால் ஆயில் இருந்தது என்று இருவரும் சொல்லியும், மாலையில் தமிழ்நிலா வந்து, நாலு வீலும் க்ளீனா இருக்கு அங்கிள் என்றாள்.

கம்பெனியிலிருந்து போன் வந்தபோது இருவரும் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எச்சில் கையோடு அவன் ஸ்பீக்கரில் போட்டான். ஒரு பெண் குரல், பத்துக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள் என்று கேட்டது. ஆனந்த்ராஜ் மனைவியைப் பார்த்தான். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"பத்து," என்றான்.

"உங்கள் குறை முழுமையாகத் தீர்க்கப்பட்டதா சார்?"

"அந்த பிரேக்கு மட்டும்..."

"ஆம் அல்லது இல்லை என்று சொல்லுங்கள் சார்."

"இல்லைன்னா அந்தப் பிள்ளைக்கு ஏதாச்சும் ஆகுமாம்மா?"

அந்தக் குரல் கேள்வியை மறுபடி முதலிலிருந்து சொன்னது. அவன் ஆம் என்றான்.

"கூறு இருக்கா உங்களுக்கு?" என்றாள் செபாஸ்தியம்மாள்.

"அது பிளாஸ்திரி ஒட்டிக்கிட்டு நாளெல்லாம் நிக்குது செபாஸ்தி. வண்டி நம்ம வண்டி. பாத்து மிதிச்சு எறக்கிட்டு வந்துருவேன். நம்ம பிள்ளை மாதிரித்தானே அதுவும்?" அவர்கள் மகளும் மதுரையில் நர்சிங் முடிக்கிற தறுவாயில் இருந்தாள். செபாஸ்தியம்மாள் அவன் தட்டில் வெஞ்சனத்தை அள்ளி வைத்தாள்.

மழை விட்ட ஒரு வியாழக்கிழமை காலை, மில்லில் பாபின் மாற்றிக்கொண்டிருந்தவளை சூப்பர்வைசர் வந்து வெளியே கூப்பிட்டார். இயந்திரச் சத்தத்தில் அவர் சொன்னது கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்ததும் அவளாகவே காதிலிருந்த பஞ்சை எடுத்தாள்.

அடிவாரத்துக்குச் சற்று மேலே, ஒரு வளைவில் பஸ் ஏறி வந்திருக்கிறது. மேலேயிருந்து ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டே பிக்கப் இறங்கியிருக்கிறது. பஸ் டிரைவர் எழவு வீட்டுக்கு வந்திருந்தார். முற்றத்து நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே சொன்னார்: "நிப்பாட்ட முடியலைங்கிறது அவரு மூஞ்சியிலயே தெரிஞ்சதும்மா. கைய ஆட்டி எங்கள ஒதுங்கச் சொன்னாரு. ஒதுங்க எடமில்ல. அவரா ஒடிச்சுப் பாறைப் பக்கம் விட்டுட்டாரு."

முதல் தகவல் அறிக்கையை அடக்கம் முடிந்த பிறகுதான் அவள் படித்தாள். மேற்படி வாகனத்தை ஓட்டுநர் ஆனந்த்ராஜ் என்பவர் அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து என்று அதில் இருந்தது. அவள் மறுபடியும் படித்தாள். மார்க்கெட்டில் அவனை மாட்டுவண்டி என்றுதான் கூப்பிடுவார்கள். ஒட்டன்சத்திரம் லோடு அடிக்கிற பிராங்கிளின், "உன் பின்னாடி வந்தா தக்காளி வண்டியிலயே பழுத்துரும்டா," என்று எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறான்.

ஸ்டேஷனில் ரைட்டரிடம் போய் அந்த வரியைக் காட்டினாள்.

"இது இப்படித்தாம்மா எழுதுவோம். வழக்கமா எழுதுறது," என்றார் அவர். "நாளைக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ்லருந்து பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து வண்டியப் பாப்பாரு. வண்டியில கோளாறுன்னு அவரு ரிப்போர்ட் கொடுத்தா மாத்திரலாம். இல்லேன்னா, செத்தவருதான் குத்தவாளி, அவரே இல்லேன்னு கேஸை முடிச்சிருவோம். உங்களுக்கு ஒரு தொந்தரவும் வராது."

"குத்தவாளின்னா இருக்கும்?"

"பேருக்குத்தாம்மா."

அவள் பஸ் பிடித்து ஷோரூமுக்குப் போனாள். எத்தனை தடவை பிரேக்குக்காக வந்தோம் என்று எழுதித் தாருங்கள் என்றாள். தமிழ்நிலா எழுந்து நின்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுதாள். பிறகு மேனேஜர் அறைக்குள் போய், வெகுநேரம் கழித்து வந்தாள்.

"சிஸ்டத்துல கம்ப்ளெயின்ட் க்ளோஸ்னு இருக்கு ஆன்ட்டி. அங்கிளே சரியாயிருச்சுன்னு சொன்ன வாய்ஸ் இருக்காம். அதுக்கு மேல என்னால..."

"நீதானேத்தா சொல்லச் சொன்ன."

தமிழ்நிலா தலையைக் குனிந்துகொண்டாள். செபாஸ்தியம்மாள் அவள் காலைப் பார்த்தாள். பிளாஸ்திரி இப்போது இரண்டு காலிலும் இருந்தது. வெளியே வந்தாள்.

திரும்பும் வழியில் மறுபடி ஸ்டேஷனில் இறங்கினாள். பின்பக்கம் வேப்பமரத்தடியில், மணல் லாரிக்கும் துருப்பிடித்த பைக்குகளுக்கும் நடுவில் வண்டி கிடந்தது. முன்பக்கம் மடங்கி டிரைவர் சீட்டுவரை வந்திருந்தது. அந்தப் பக்கம் அவள் போகவில்லை. பின்னால் சுற்றிப்போய், இடதுபக்கச் சக்கரத்தருகே மண்டியிட்டாள். உள்பக்கம் முழுக்க ஆயில் வழிந்து, அதன்மேல் செம்மண் ஒட்டிக் கெட்டியாக, கறுப்புக் களிம்பு மாதிரி நின்றது. குருடனுக்கும் தெரிகிற கறை. போனில் எடுத்துப் பார்த்தாள்; படம் அன்றைக்குப் போலவே வெறும் கறுப்பாகத்தான் விழுந்தது. கை தன்னையறியாமல் முந்தானைக்குப் போனது. சட்டென்று எடுத்துக்கொண்டாள்.

முன்னால் போய் ரைட்டரிடம், "அந்தச் சக்கரத்தை யாரும் தொடாமப் பாத்துக்கங்க சார். அதைத்தான் இன்ஸ்பெக்டருக்குக் காட்டணும்," என்றாள். அவர் போனில் பேசிக்கொண்டே, சரி என்று கையைக் காட்டினார்.

மறுநாள் அவள் கொடியிலிருந்து சுங்குடித் துணியையும் எடுத்துக்கொண்டாள். ஒவ்வொரு முறையும் அதைச் சவுக்காரம் போட்டு அலசிக் காயப்போடுவது அவள்தான். கடைசியாக அவன் துடைத்துப் போட்டது மட்டும் அப்படியே இருந்தது. மில்லில் ஆள் குறைவு என்று அடுத்தடுத்து ஷிப்டு பார்த்த வாரம் அது. பச்சை தெரியாத அளவுக்குக் கறுத்து, மடித்தால் ஆயில் வாடை அடித்தது. பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துக்கொண்டாள்.

ஸ்டேஷனில் ரைட்டர் இல்லை, கோர்ட்டுக்குப் போயிருந்தார். பெண் தலைமைக் காவலர் கமர்ஜஹான் அவளைப் பார்த்ததும் எழுந்து வந்தார். தோளில் கை வைத்து, தன் நாற்காலியிலேயே உட்காரவைத்தார். டீ வாங்கிவரச் சொல்லி, குடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.

"சாப்டியாக்கா? வெறும் வயித்தோட வந்திருப்ப. இன்ஸ்பெக்டர் இப்ப வந்துருவாரு. வா, நானும் கூட வாரேன். தனியாப் போவாத."

பின்பக்கம் போனார்கள். வேப்பமரத்தடி ஈரமாக இருந்தது. லாரிச் சக்கரத் தடங்களில் தண்ணீர் தேங்கியிருந்தது. வண்டி வெயிலில் பளிச்சென்று இருந்தது. மடங்கிய தகரத்திலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஈ மொச்சுக்கிட்டு இருந்துச்சுக்கா," என்றார் கமர்ஜஹான். "சீட்டு, ஸ்டியரிங்கு, எல்லாம் ரத்தம். காய் வேற அழுகி நாறிப்போச்சு. நீ வந்து அதைப் பாத்தா எப்பிடித் தாங்குவேன்னுதான் காலையில தண்ணி லாரிக்காரரை வரச்சொன்னேன். ஹோஸைப் போட்டு ஒரு எடம் விடாம அடிச்சிட்டாரு. எங்க வீட்டுக்காரரு போனப்ப எனக்கு யாரும் செய்யல. அப்பிடியே பாத்தேன். இன்னைக்கும் கண்ணுக்குள்ளயே நிக்குது."

செபாஸ்தியம்மாள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "சரிங்க," என்றாள்.

பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தார். அன்றைக்கு அவருக்கு இன்னும் இரண்டு ஸ்டேஷன் பாக்கி இருந்தது. முன்பக்கம் எட்டிப் பார்த்தார். பெடல் நசுங்கியிருந்தது, ஆயில் டப்பா உடைந்திருந்தது. அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்று கூட வந்தவரிடம் சொன்னார்.

"பின்னாடி இடதுபக்கச் சக்கரம் சார்," என்றாள் செபாஸ்தியம்மாள். "அதுலதான் ஆயில் ஒழுகும். பெடல் பூந்துபோகுதுன்னு இவுக நடையா நடந்தாக."

அவர் குனிந்தார். சக்கரத்துக்கு உள்ளே விரலை விட்டு ஒரு சுற்று தடவினார். வெளியே எடுத்துப் பார்த்தார். விரலில் தண்ணீர்தான் இருந்தது.

"லீக் மாதிரித் தெரியலையேம்மா. க்ளீனா இருக்கே."

"கழட்டிப் பாத்தா உள்ள தெரியும் சார்."

"அதுக்கெல்லாம் ஆள் கெடையாதும்மா. பாக்குறதைத்தான் எழுத முடியும்."

அவள் அவசரமாகப் பையைப் பிரித்தாள். துணியை எடுத்து, இரண்டு கையாலும் விரித்து அவர் முன்னால் நீட்டினாள். அவர் ஈரக்கையை உதறிக்கொண்டே நிமிர்ந்தார். துணியைப் பார்த்தார். நீட்டிய அவள் கைகளைப் பார்த்தார்.

"பரவாயில்லையே," என்று வாங்கி, விரல்களை ஒவ்வொன்றாக அழுத்தித் துடைத்துக்கொண்டார். மடித்துத் திரும்ப அவள் கையிலேயே கொடுத்தார்.

"தேங்க்ஸ்ம்மா," என்றார்.